பாதுகாவலரா, பிதாவா? – புத்திரசுவிகாரம் என்னும் உபதேசம்

இரட்சிப்பைக் குறித்து நம் பிரசங்கங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொற்கள் பாவமன்னிப்பு, நீதிமானாக்கப்படுதல், மறுபிறப்பு, பரிசுத்தமாக்கப்படுதல் என்பனவாம். இவற்றோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டிய புத்திரசுவிகாரம் என்னும் சொல்லோ, வேதபாடம் வாசிக்கப்படும்போது காதில் விழுந்து, பிரசங்கம் தொடங்கியதும் மறைந்துவிடுகிறது. தேவன் நம்மை மன்னித்தார் என்பதைச் சபையார் அறிந்திருக்கின்றனர். அவர் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் என்பதன் முழுப் பொருளையோ பலர் அறியாதிருக்கின்றனர். இந்த உபதேசத்தை விளக்குவதும், அது நம் சபை வாழ்வில் எங்கே நம்மைச் சோதிக்கிறது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஊழியஞ்செய்யும் போதகர்களுக்கு இக்கேள்வி புதியதன்று. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த நாள்முதல், பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கே குடியேறின. வெவ்வேறு மிஷன் மரபுகளில் வளர்ந்தோர் ஒரே ஆலயத்தில் கூடினர். அறிமுகமாகும்போது அவர்களுக்குள் எழும் முதற்கேள்வி, “எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?” என்பதே. அன்பினால் கேட்கப்படும் அக்கேள்வி, பல வேளைகளில் மனிதரை எடைபோடும் தராசாகவும் ஆகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவராயிருப்போர் அதற்கு எளிதில் விடை கூறுவர். நேற்று ஞானஸ்நானம் பெற்றவரும், பெற்றோர் இன்னாரென்று அறியாத பிள்ளையும் என்ன விடை கூறுவர்? அவர்களுக்கு வேதம் அளிக்கும் விடைதான் புத்திரசுவிகாரம்.

1. சொல்லும் அதன் பின்னணியும்

புதிய ஏற்பாட்டில் இச்சொல்லுக்கு மூலமாயிருப்பது ‘ஹுயோதெசியா’ என்னும் கிரேக்கச் சொல். மகன் என்று பொருள்படும் சொல்லும், வைத்தல் அல்லது நிலைநிறுத்துதல் என்று பொருள்படும் சொல்லும் இணைந்து உருவான கூட்டுச்சொல் அது. மகனாக நிலைநிறுத்துதல் என்பதே அதன் பொருள். பவுல் அப்போஸ்தலனுடைய பெயரைத் தாங்கிய நிருபங்களில் மட்டும், அதுவும் ஐந்தே இடங்களில், அது வருகிறது: ரோமர் 8:15, 8:23, 9:4, கலாத்தியர் 4:5, எபேசியர் 1:5. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தில் இச்சொல் இல்லை.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தத்தெடுத்தலைப் பற்றிய சட்டம் எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் நிகழ்ச்சிகள் உண்டு. பார்வோனின் குமாரத்தி மோசேயைத் தன் மகனாக்கிக்கொண்டாள். யாக்கோபு தன் பேரன்மாராகிய எப்பிராயீமையும் மனாசேயையும் தன் சொந்த மக்களாக எண்ணினான். மொர்தெகாய் தாய்தந்தையற்ற எஸ்தரைத் தன் மகளாக வளர்த்தான். இவற்றுக்கெல்லாம் மேலாக, எகிப்தில் அடிமைப்பட்டிருந்த ஒரு ஜனத்தைக் கர்த்தர் தமது முதற்பேறான புத்திரன் என்று அழைத்தார் (யாத்திராகமம் 4:22). ரோமர் 9:4-இல் இஸ்ரவேலருக்குரிய சிலாக்கியங்களை எண்ணும்போது, பவுல் புத்திரசுவிகாரத்தையே முதலாவதாக வைக்கிறான். ஆகையால் இந்த உபதேசத்தின் வேர் யாத்திராகமத்தில் இருக்கிறது. அதன் சட்டமொழியோ ரோம உலகத்துக்குரியது.

ரோமச் சட்டத்தில் தந்தையின் அதிகாரம் மிகப் பெரிது. ஒருவன் மகனாக ஏற்கப்பட்டபோது, பழைய தந்தையின் அதிகாரத்தினின்று நீங்கிப் புதிய தந்தையின் அதிகாரத்துக்குள் வந்தான். புதிய பெயரையும் சுதந்தரத்தையும் அடைந்தான். பெரும்பாலும் வயதுவந்தவரே இவ்வாறு ஏற்கப்பட்டனர். வாரிசற்ற குடும்பத்துக்கு வாரிசு தேடுவதே அதன் நோக்கம். பவுல் ரோமருக்கு நிருபம் எழுதியது ஏறத்தாழ கி.பி. 57-இல். அப்பொழுது அரியணையில் இருந்த நீரோ, கி.பி. 50-இல் கிலவுதியு இராயனால் மகனாக ஏற்கப்பட்டவன். கிலவுதியுவுக்குப் பிரித்தானிக்குஸ் என்னும் சொந்த மகன் இருந்தான், ஆயினும் கி.பி. 54-இல் அரசு நீரோவுக்கே சென்றது. மறு ஆண்டிலேயே பிரித்தானிக்குஸ் மாண்டான். ஏற்கப்பட்ட மகன் பெற்ற மகனை அகற்றி நின்ற கதை அது. ரோமாபுரியில் அந்நிருபத்தைக் கேட்டோருக்கு, சுவிகாரம் என்றால் என்னவென்று ஒருவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

2. இந்தியச் சட்டத்தில் கிறிஸ்தவரும் தத்தும்

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் ‘சுவிகாரம்’ என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டனர். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவந்த சட்டச்சொல் அது. மகனில்லாதவர் தம் குலம் தொடரவும் ஈமக்கடன் நடைபெறவும் ஒரு மகனை ஏற்பதே பழைய வழக்கம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இவ்வழக்கத்தை ஒழுங்குபடுத்தியதோடு, மகளையும் தத்தெடுக்க வழிசெய்தது. ஆனால் அச்சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கே பொருந்தும், கிறிஸ்தவருக்குப் பொருந்தாது.

இதன் விளைவு விநோதமானது. ஞாயிறுதோறும் புத்திரசுவிகாரத்தைப் பற்றி வாசிக்கும் கிறிஸ்தவருக்கு, ஒரு குழந்தையைச் சட்டப்படி தம் பிள்ளையாக்கிக்கொள்ளப் பொதுவான சட்டம் எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை. அவர்களுக்கிருந்த வழி, 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின்படி நீதிமன்றத்தால் பாதுகாவலராக நியமனம் பெறுவதே. 1972-இல் எல்லா மதத்தினருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா ஒன்று பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டும், அது சட்டமாகவில்லை.

பாதுகாவலர் என்பவர் யார்? குழந்தைக்கு உணவும் உடையும் கல்வியும் அளிப்பவர். அதன் உடலையும் உடைமையையும் காப்பவர். தாய்தந்தையர் செய்வதனைத்தையும் அவர் செய்யக்கூடும். ஆயினும் குழந்தை உரிய வயதை அடைந்ததும் அவருடைய உறவு சட்டப்படி முடிந்துபோகும். தகுந்த காரணமிருந்தால் நீதிமன்றம் அவரை நீக்கவுங்கூடும். அவர் உயிலெழுதாமல் மரித்தால், அந்தக் காப்புறவினால் மட்டும் குழந்தை அவருக்கு வாரிசாகாது. அன்பு எவ்வளவு பெரிதாயிருந்தாலும், குழந்தை அவ்வீட்டில் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு காப்புப்பிள்ளையே.

இந்நிலை மாறியது அண்மைக் காலத்தில்தான். 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதற்கு 2006-இல் செய்யப்பட்ட திருத்தமும், மத வேறுபாடின்றித் தத்தெடுக்க வழிதிறந்தன. 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. தலைமை நீதிபதி ப. சதாசிவம் அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தார். 2015-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய இளைஞர் நீதிச் சட்டம் 63-ஆம் பிரிவில், தத்தெடுப்பு ஆணை நடைமுறைக்கு வரும் நாள்முதல் குழந்தை தத்தெடுத்தோருக்கே பிறந்த பிள்ளையாகச் சகல நோக்கங்களுக்கும், வாரிசுரிமை உட்பட, கருதப்படும் என்று விதிக்கிறது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இவ்வாணையை இப்பொழுது மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார்.

பாதுகாவலருக்கும் தந்தைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனத்திலிருத்திக் கலாத்தியர் நான்காம் அதிகாரத்தைத் திறந்தால், பவுலின் வாதம் தெளிவாகும். சுதந்தரவாளி சிறுபிள்ளையாயிருக்குங்காலத்தில், தகப்பன் குறித்த நாள்வரைக்கும் காரியக்காரருக்குக் கீழ்ப்பட்டிருக்கிறான். அவனுக்கும் அடிமைக்கும் அப்பொழுது வேற்றுமை தெரிவதில்லை. நியாயப்பிரமாணத்தின் கீழிருந்த காலம் அத்தகையது என்கிறான் அப்போஸ்தலன். காலம் நிறைவேறினபோது தேவன் தமது குமாரனை அனுப்பியதன் நோக்கம், காப்பிலிருந்தோர் பிள்ளைகளின் முழு உரிமையை அடையவேண்டும் என்பதே. இந்நிலையில் கலாத்தியர் மீண்டும் விருத்தசேதனத்தை நாடியது, தத்தெடுப்பு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டே, பாதுகாவலரை நியமிக்கும்படி நீதிமன்றத்தில் மனுச்செய்வதற்கு ஒப்பாகும்.

3. தஞ்சையில் ஒரு சுவிகாரம்

சுவிகாரத்தின் தன்மையை விளக்கத் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றோடு இணைந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு உண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் துளஜாஜி, ஆண் வாரிசின்றி, 1787-ஆம் ஆண்டு ஜனவரியில் மரணத் தறுவாயில் இருந்தபோது, தம் உறவினர் குடும்பத்துச் சிறுவனாகிய சரபோஜியைச் சுவிகாரம் செய்தார். அச்சிறுவனுக்கு அப்பொழுது ஒன்பது வயது. அரசர் அவனை ஒப்படைக்க விரும்பியது, லுத்தரன் மிஷனரியாகிய கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்சு ஐயரிடமே.

அரசர் மறைந்ததும் வழக்கு எழுந்தது. பிள்ளை தன் தந்தைக்கு ஒரே மகன்; வயது கடந்தவன்; சுவிகாரம் செய்தபோது அரசர் நோயினால் தெளிவற்றிருந்தார் என்று ஆட்சேபங்கள் கூறப்பட்டன. ஆலோசனை கேட்கப்பட்ட பண்டிதர் சுவிகாரம் செல்லாது என்றனர். கிழக்கிந்தியக் கம்பெனி துளஜாஜியின் சகோதரர் அமர்சிங்கை அரியணையில் அமர்த்தியது. சரபோஜி பல இன்னல்களுக்கு உள்ளாகி, பின்னர்ச் சென்னைக்கு அழைத்துவரப்பட்டுக் கல்வி பயின்றார். சுவார்ட்சு ஐயர் அவருக்காக ஓயாது பரிந்துரைத்தார். மறுபடியும் பண்டிதர்களின் கருத்து கேட்கப்பட்டபோது, சுவிகாரம் செல்லும் என்ற முடிவு ஏற்பட்டது. 1798-ஆம் ஆண்டு சரபோஜி அரசரானார். அதே ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் மரித்த சுவார்ட்சு ஐயர் அதைக் காணவில்லை. தம்மைத் தந்தைபோல் காத்தவருக்காகச் சரபோஜி, ஜான் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சின்னம் ஒன்றைச் செய்வித்தார். மரணப்படுக்கையிலுள்ள போதகரின் அருகே அரசர் நிற்கும் அச்சிற்பம் தஞ்சைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் இருக்கிறது.

இவ்வழக்கில் இரண்டு காரியங்கள் நமக்குப் போதனையாகின்றன. முதலாவது, வழக்கின் மையம் சிறுவனின் திறமையோ நற்குணமோ அன்று. அவன் பிற்காலத்தில் கல்விக்கும் நூல்களுக்கும் புகழ்பெற்ற அரசனானான். ஆனால் அதனால் அவனுடைய சுவிகாரம் செல்லுபடியாகவில்லை. துளஜாஜியின் செயல் செல்லுமா என்பதே கேள்வி. ஏற்றவரின் செயல் நின்றால் பிள்ளையின் நிலையும் நிற்கும். விசுவாசியின் நிச்சயமும் இத்தகையதே. தன் அனுபவத்தின் ஆழத்தையோ தன் ஜெபத்தின் உருக்கத்தையோ சான்றாகக் காட்டவேண்டியவனாக அவன் நிற்கவில்லை. குமாரனை அனுப்பிய பிதாவின் செயலே அவனுக்கு ஆதாரம். அச்செயலுக்குச் சாட்சியும் உண்டு. பரிசுத்த ஆவியானவர்தாமே நம் ஆவியுடனே சாட்சிகொடுக்கிறார் என்று ரோமர் 8:16 கூறுகிறது.

இரண்டாவது, துளஜாஜிக்கு மகன் தேவையாயிருந்தான். ரோமக் குடும்பங்களுக்கும் வாரிசு தேவையாயிருந்தது. உலகச் சுவிகாரத்தில் தந்தையின் குறைவு பிள்ளையின் வரவால் நிரம்புகிறது. தேவனுக்கோ குறைவில்லை, நித்திய குமாரன் அவருக்கு உண்டு. அக்குமாரனை விலக்காமல், அக்குமாரனுக்குள்ளேயே, அவருடைய சுதந்தரத்தில் நமக்கும் பங்குகொடுத்து நம்மை ஏற்றார். இங்கே பெற்ற மகனை ஏற்கப்பட்டவர்கள் அகற்றுவதில்லை. ஏற்கப்பட்டவர்களுக்காகப் பெற்ற மகன் தம்மையே தருகிறார். எனவேதான் நாம் கிறிஸ்துவுக்கு உடன்சுதந்தரர் எனப்படுகிறோம் (ரோமர் 8:17). சுவிகாரம் முழுவதும் கிருபையே என்பதற்கு இதினும் வலிய காரணம் இல்லை.

4. உபதேசத்தின் இடமும் எல்லையும்

இனி இவ்வுபதேசத்தை அதன் அண்டை உபதேசங்களினின்று பிரித்தறிவோம். நீதிமானாக்கப்படுதல் நியாயாதிபதியின் தீர்ப்பைச் சார்ந்தது. குற்றவாளி விடுவிக்கப்பட்டு நீதிமானாக ஏற்கப்படுகிறான். ஆனால் எந்த நியாயாதிபதியும் தான் விடுவித்தவனை வீட்டுக்கு அழைத்துச்சென்று பந்தியில் அமர்த்துவதில்லை. புத்திரசுவிகாரம் அதையே செய்கிறது. மறுபிறப்பு நம் தன்மையின் மாற்றத்தைக் குறிக்கும். புத்திரசுவிகாரம் நம் உறவுநிலையின் மாற்றத்தைக் குறிக்கும். யோவான் பெரும்பாலும் பிறப்பின் மொழியில் பேச, பவுல் சுவிகாரத்தின் மொழியில் பேசுகிறான்; இருவர் சாட்சியும் ஒன்றையொன்று நிறைவாக்கும். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தன் 12-ஆம் அதிகாரத்தை இவ்வுபதேசத்துக்கென்றே ஒதுக்கியது.

உவமைக்கு எல்லையும் உண்டு. அவற்றுள் மூன்றைக் குறிப்பிடுதல் போதும்.

முதலாவது, ‘புத்திர’ என்னும் சொல் ஆண்மக்களுக்கே உரிய சிலாக்கியம் என்று தோன்றச்செய்யலாம். அக்காலத்தில் மகனுக்குரியதாக எண்ணப்பட்ட முழு உரிமையை ஆண் பெண் இருபாலாருக்கும் பவுல் அளிக்கிறான் என்பதே கருத்து. கலாத்தியர் 3:26-28 இதனை ஐயமற நிறுவுகிறது. 2 கொரிந்தியர் 6:18 குமாரத்திகளையும் வெளிப்படையாகக் கூறுகிறது.

இரண்டாவது, சட்டப்படியான தத்தெடுப்பு பழைய குடும்பத்தின் உறவை அறுக்கிறது. தேவன் நம்மை ஏற்பதோ, நம்மைப் பெற்ற தாய்தந்தையரைக் கைவிடும்படி கட்டளையிடுவதன்று. ஐந்தாம் கற்பனை ஞானஸ்நானத்துக்குப் பின்னும் நிலைத்திருக்கிறது. கிறிஸ்தவரல்லாத பெற்றோரைப் பேணும் முதல் தலைமுறை விசுவாசியை, அதன்பொருட்டுக் குறைவுள்ளவராக எண்ணுதல் இவ்வுபதேசத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

மூன்றாவது, புத்திரசுவிகாரம் ஏற்கெனவே நிறைவேறியதாயினும், அதன் முழு வெளிப்பாடு இனி வரவேண்டியது. ரோமர் 8:23-இல் சரீர மீட்பையே பவுல் அப்பெயரால் அழைக்கிறான். பிள்ளைகளாயிருந்தும் நாம் தவிக்கிறோம், நோயுறுகிறோம், மரிக்கிறோம். துன்பப்படும் விசுவாசி தான் பிள்ளையல்லவோ என்று ஐயுறும்போது, போதகர் இவ்வசனத்திற்கு அவரை அழைத்துச்செல்லவேண்டும்.

5. சபையின் முன் நிற்கும் கேள்வி

தஞ்சைக்கு இன்னொருமுறை திரும்புவோம். பிறப்பினால் மகனல்லாத ஒருவரின் சுவிகாரத்துக்காக நீதிகேட்ட மிஷன் அது. அதே மிஷனின் ஆலயத்தில், சுவார்ட்சு ஐயர் காலத்திலேயே, வெள்ளாளக் கிறிஸ்தவரும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கிறிஸ்தவரும் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்தனர். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கவேண்டுமென்று கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் அதற்கு இணங்க மறுத்துச் சபையைவிட்டு விலகினர். அரண்மனையில் சுவிகாரம் பிறப்பை வென்றது. ஆலயத்தில் பிறப்பு சுவிகாரத்தைத் தோற்கடித்தது.

இது கடந்தகாலச் செய்தி மட்டுமன்று. நம் சபைகளில் இருக்கைகள் இன்று பிரிந்திராவிடினும், திருமண ஓலை வாசிக்கப்படும்போதும், குருசேகரத் தேர்தலின்போதும், கல்லறைத் தோட்டத்திலும் பிறப்பு இன்னும் பேசுகிறது. எல்லாரையும் தேவன் சுவிகாரத்தினாலேயே ஏற்றார் என்றால், அவர் வீட்டில் பிறப்புரிமையால் பிள்ளையானவர் ஒருவரே, அவர் கிறிஸ்து. மற்ற யாவரும், நான்கு தலைமுறைக் கிறிஸ்தவரும் நேற்று வந்தவரும், ஒரே ஆணையினால் உள்ளே வந்தவர்கள். ஏற்கப்பட்ட பிள்ளைகளுக்குள் ஒருவர் மற்றவரின் பிறப்பை விசாரிக்க என்ன நியாயம் உண்டு? சாதி வேற்றுமையைப் பாராட்டுதல் ஒழுக்கக்குறைவு மட்டுமன்று, புத்திரசுவிகாரத்தை மறுதலிக்கும் உபதேசப் பிழையுமாகும் என்பதைப் போதகர்கள் உணர்த்தவேண்டும்.

தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளின் காரியத்திலும் சபைக்குப் பொறுப்பு உண்டு. அவர்களை ‘வளர்ப்புப் பிள்ளை’ என்று தாழ்ந்த குரலில் சுட்டும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சட்டமே பிறந்த பிள்ளையாகக் கருதும் ஒருவரைச் சபை குறைத்துப் பேசுவது எவ்வளவு முரண்! ஞானஸ்நானப் பதிவேட்டில் தத்தெடுத்த பெற்றோரின் பெயரே பெற்றோர் பெயராக எழுதப்படவேண்டும். குழந்தைக்கு அதன் வரலாற்றை உரிய வயதில் அன்போடு உண்மையாகக் கூறும்படி பெற்றோருக்கு ஆலோசனை கூறலாம். ஆனால் அதைச் சபையில் வெளியிடும் உரிமை போதகருக்கோ மற்றெவருக்கோ இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆலய வாசலில் விடப்பட்ட குழந்தையையோ, வறுமையால் தாய் ஒப்படைக்க வரும் குழந்தையையோ, பிள்ளையில்லாத தம்பதியரிடம் நேரே கொடுத்துவிடுவது இரக்கமாகத் தோன்றலாம். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம். அத்தகைய குழந்தையைக் குறித்து 1098 என்ற எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் சேர்ப்பிக்கவேண்டும். தத்தெடுக்க விரும்புவோர் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவுசெய்யவேண்டும். சட்டத்தைப் புறக்கணித்துச் செய்யப்படும் ஏற்பு, பிற்காலத்தில் பிள்ளையின் உரிமையையே ஐயத்துக்கு உள்ளாக்கும். சரபோஜியின் சுவிகாரமே பதினோரு ஆண்டுகள் வழக்கில் கிடந்ததை நினைவுகூர்வோமாக.

இறுதியாக, இவ்வுபதேசம் போதகரின் சொந்த ஆத்துமாவையும் சோதிக்கிறது. பலர் தேவனைப் பிதா என்று ஜெபத்தில் அழைத்து, வாழ்விலோ அவரைப் பாதுகாவலராகவே நடத்துகின்றனர். ஒழுங்காயிருந்தால் வைத்துக்கொள்வார், தவறினால் நீக்கிவிடுவார், குறித்த காலம் முடிந்தால் பொறுப்பும் முடிந்தது என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தோடு செய்யப்படும் ஊழியம் அடிமையின் ஊழியமாகும். பிள்ளையும் சிட்சிக்கப்படுகிறான், ஆனால் வீட்டைவிட்டு நீக்கப்படும்பொருட்டன்று, வீட்டுக்கு ஏற்றவனாய் வளரும்பொருட்டே (எபிரெயர் 12:5-11). பிரசங்கபீடத்தில் ஏறுமுன் இதனை நாம் நமக்கே போதித்துக்கொள்ளவேண்டும். அப்பொழுது, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கப்படும்போது விடையற்று நிற்கும் எளியோருக்கு, அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதைத் தயக்கமின்றி எடுத்துக்கூற நம்மால் இயலும்.